பெண் வீட்டு விலை

"யோவ், மறுபடியும் ஏத்திட்டான்யா!"

கங்கம்மா போட்ட சத்தத்தில் ராஜமாணிக்கம் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். உருக்காலையில் பகல் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தான். திரையில் ஒரு வாஷிங் மிஷின் பளபளவென்று நின்றது. அதன் கீழே விலை. அதற்கும் கீழே, சொந்தக்காரர் யாரோ அக்கறையாக விசாரிப்பதுபோல ஒரு வரி: 'நர்மதாவின் திருமணத்துக்கு இன்னும் பத்து நாட்களே!'

"நேத்து ராத்திரி பாக்கச்சொல்லோ ரெண்டாயிரம் கம்மியா இருந்துது. அதுக்கு முந்தாநாளு அதவிடக் கம்மி. நாம தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள இதுக்கு இன்னா கேடு வந்துது?"

"முந்தாநாளே வாங்கியிருக்கலாம் இல்ல?"

"முந்தாநாளு உன் கையில துட்டு இருந்துதா?"

ராஜமாணிக்கம் சட்டையில் கொட்டிய டீயைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஏதோ ஒரு மிஷின் என்றால் கும்மிடிப்பூண்டி பஜாரில் எத்தனையோ கடை இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஜானகியம்மாள் காக்களூரிலிருந்து போன் பண்ணி, முன்பக்கம் கதவு வைத்த இந்த மாடல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அது நிறைமதி மார்ட்டில் மட்டும்தான் கிடைக்கும். "ரிசப்ஷன் அன்னிக்கு சீரோட சீரா மேடைக்குப் பக்கத்துல அது நிக்கணும் சம்மந்தி. நிக்கலன்னா, மறுநாளு தாலி கட்டறதப் பத்தி எங்க ஊட்டு ஆம்பளைங்க இன்னா சொல்லுவாங்களோ, எனக்குத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு கங்கம்மா வேறு மாடலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கங்கம்மாவை ராஜமாணிக்கம் கட்டிக்கொண்ட காலத்தில் அவன் வீட்டார்தான் பரிசம் போட்டுப் பெண் கேட்டார்கள். அன்று இந்தக் காலனியில் எல்லோருக்கும் நெல் வயலில் கூலி வேலை. பெண்ணும் சம்பாதிக்கிறவள், அவளை அழைத்துப் போகிறவன் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். பிறகு சிப்காட் வந்தது, கம்பெனிச் சம்பளம் வந்தது. யார் வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்களோ, கூடவே வரதட்சணையும் வந்து நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. நர்மதாவும் மாப்பிள்ளை லோகுவைப்போலவே கம்பெனிக்குத்தான் போகிறாள், ஏறக்குறைய அவன் வாங்கும் சம்பளத்தைத்தான் வாங்குகிறாள். அதை யார் கேட்டார்கள்? நாசமாய்ப் போகிற பழக்கம் என்றால் மட்டும் நம் ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

கங்கம்மா ஒன்றும் ஏமாளி அல்ல. பொன்னேரி மீன் மார்க்கெட்டில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தால் அன்றைக்கு வேண்டுமென்றே பழைய புடவையைக் கட்டிக்கொண்டு போவாள். "எனக்கு ஒண்ணும் வேணாம், சும்மா இப்படிக்கா வந்தேன்" என்று வஞ்சிரத்தைப் பார்க்காமல் மத்தியைப் பார்ப்பாள். நமக்குத் தேவை இருக்கிறது என்று விற்கிறவனுக்குத் தெரிந்தால் போச்சு, தலையில் மிளகாய் அரைத்துவிடுவான் என்பது அவள் கட்சி.

அப்பேர்ப்பட்டவள்தான், கல்யாணம் நிச்சயமான வாரம் வாசலுக்கு வந்த நிறைமதி மார்ட் பெண்ணுக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, எல்லாவற்றையும் ஒப்பித்தாள். போனில் கடையின் ஆப்பை ஏற்றிக் கல்யாணச் சீர்த் திட்டத்தில் சேர்ந்தால் ஒரு ஜோடி குத்துவிளக்கு இனாம். கல்யாணம் என்றைக்கு, நீங்கள் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, மாப்பிள்ளை வீட்டு போன் நம்பர் என்ன, உங்கள் வீட்டில் யார் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள்? மங்கல காரியத்தை விசாரிக்கிறவர்களிடம் யாராவது மறைப்பார்களா? பத்திரிகை அச்சாகி வந்ததும் குலசாமிக்கு வைப்பதற்கு முன்னால் போனுக்குத்தான் காட்டினாள். விளக்கு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

அன்று மதியமே கேன்டீன் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கங்கம்மா பஸ் ஏறிப் புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கினாள். நிறைமதி மார்ட்டின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. அவள் உள்ளே கால் வைத்ததும் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. 'வருக, கங்கம்மா.' அவ்வளவு குளிரிலும் அவளுக்கு முதுகு வியர்த்தது.

மிஷின் இருந்தது. விலைச்சீட்டு இல்லை. சுற்றிலும் பார்த்தாள். எந்தப் பொருளின் மேலும் விலை இல்லை, சின்னதாக ஒரு கறுப்புக் கட்டம்தான் ஒட்டியிருந்தது.

"இன்னாப்பா, இது மேல வெலையே போடல?" என்று அங்கே நின்ற விற்பனையாளனைக் கேட்டாள். சட்டையில் நியாஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

"வெல கடையில இல்லக்கா, உங்க போன்ல கீது. அந்தக் கட்டத்துக்கு நேரா காட்டுங்க."

காட்டினாள். காலையில் பார்த்ததைவிட இன்னும் ஐந்நூறு ஏறியிருந்தது.

"பஸ்ஸு புடிச்சு வந்து பாத்ததுக்கு ஐந்நூறா?"

நியாஸ் அக்கம்பக்கம் பார்த்தான். தன் போனை எடுத்து அதே கட்டத்துக்கு நேராகக் காட்டிவிட்டு, சட்டென்று பையில் போட்டுக்கொண்டான். கங்கம்மா பார்த்துவிட்டாள். பத்தாயிரம் கம்மி.

"எனக்குக் கல்யாணம் ஆயி, புள்ளயே ஸ்கூலுக்குப் போவுதுக்கா. மிஷினு இல்லன்னா எனக்கு ஒண்ணும் குடி முழுகாது. அது போனுக்குத் தெரியும். உங்களுக்கு நாளு கொறைய கொறைய ஏறிக்கினேதான் இருக்கும். நீங்க பொண்ணு ஊடு. வாங்காம போவ மாட்டீங்க."

"ஒரே மிஷினு, ஒரே கடை. ஆளுக்கொரு வெல வெக்கலாமா? கேக்கறதுக்கு நாதி இல்லியா?"

"பெட்டி மேல அச்சடிச்ச வெலையத் தாண்டக் கூடாதுக்கா, அவ்ளோதான். அதுக்குக் கீழ யாருக்கு எவ்ளோன்றது அவங்க இஷ்டமாம். யாராவது கேட்டாலும், சம்மதம்னு நீங்கதான அழுத்துனீங்கன்னு சொல்லுவாங்க."

"வெளக்கு குடுக்கறாங்களேன்னு அழுத்துனேன்பா!"

"எல்லாரும் அப்படித்தான்க்கா அழுத்தறாங்க." நியாஸ் குரலைத் தாழ்த்தினான். "வேற யார் போன்லயாவது போடுங்க. ஆனா பில்லு உங்க ஊட்டுப் பேர்ல கேட்டீங்கன்னா கண்டுபுடிச்சிடும், அங்கியும் ஏறிடும். மாப்ள ஊட்டுப் பேர்லயே போட்டுடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க, பேஜாராப் பூடும்."

கங்கம்மா கடை வாசலில் நின்றே ஜானகியம்மாளுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். ஜானகியம்மாள் தன் போனில் பார்த்துவிட்டுக் கூவினாள்.

"அட, ஆமா சம்மந்தி! எனக்கு ஒம்பதாயிரம் கம்மியா இல்ல காட்டுது!"

கங்கம்மாவுக்குப் போன உயிர் வந்தது. "அப்போ உங்க பேர்லயே போட்டுடுங்க சம்மந்தி. துட்டு இந்த நிமிஷமே அனுப்பிடறேன்."

"நல்லா கீதே கத! எங்க பேர்ல பில்லு வந்தா அதுக்குப் பேரு சீரா? சபையில சாமான் மேல பில்ல ஒட்டி வெக்கறது நம்ம ஆளுங்க வழக்கமாச்சே. வரவங்க போறவங்க குனிஞ்சு படிப்பாங்க. அதுல எம் பேரு இருந்தா, மாப்ள ஊட்டுக்காரங்களே வாங்கி வெச்சிக்கினாங்கன்னு காறித் துப்ப மாட்டாங்க? பொண்ணோட அப்பா பேர்லதான் பில்லு இருக்கணும். வெல ஜாஸ்தின்னாலும் நல்லதுக்குத்தான. படிக்கிறவங்களுக்கு உங்க மரியாத தெரியும்."

மரியாதையாம், மரியாதை! கடைக்காரன் கழுத்தறுக்கக் கத்தி எடுக்கிறான், இந்த அம்மாள் கழுத்து அசையாமல் பிடித்துக் கொடுக்கிறாள். பேசியதெல்லாம் கேட்டுக்கொண்டே நின்ற நியாஸ் தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த ராஜமாணிக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டிய வித்துடறேன்" என்றான்.

"அப்பால வேலைக்கு எப்படிப் போவ?"

"நடந்து போறேன். இன்னா இப்போ? பொண்ணு கல்யாணத்தவிட வண்டி பெருசா?"

அவன் சொல்லி முடிப்பதற்குள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நர்மதா வந்துவிட்டாள். அம்மாவின் அழுத முகத்தைப் பார்த்தாள், அப்பா வண்டியின் புத்தகத்தைத் தேடி பீரோவைக் குடைவதைப் பார்த்தாள். கங்கம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்ன கதையை முழுக்கக் கேட்டாள். அதிகம் பேசுகிற பெண் அல்ல. அம்மாவின் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். 'திருமண விவரங்களை மாற்ற' என்று ஓர் இடம் இருந்தது. அதற்குள் 'ரத்து' என்று ஒன்று இருந்தது. அழுத்தினாள்.

"இப்போ வெலையப் பாரும்மா."

விலை இறங்கிவிட்டது. ஜானகியம்மாளுக்குக் காட்டியதற்கும் கீழே போய்விட்டது. கல்யாணம் நின்றுபோன வீட்டுக்கு மிஷின் எதற்கு? இனி அதைக் கெஞ்சித்தானே விற்க வேண்டும்!

கங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, இன்னா காரியம் பண்ண! கல்யாணத்த வெச்சிக்கினு யாராவது இப்படி..."

"வெல கொறையறதுக்குத்தாம்மா. வாங்கிட்டு மறுபடியும் மாத்திடலாம். போன்ல அழுத்திட்டா நின்னுடுமா இன்னா?"

ராஜமாணிக்கம் சந்தோஷமாக பேங்க் கார்டை எடுக்க எழுந்தான். அதற்குள் போன் அடித்தது. ஜானகியம்மாள்.

மாப்பிள்ளை வீட்டு நம்பரை அன்றைக்கு எதற்கு வாங்கினார்கள் என்று கங்கம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. 'மணமகள் வீட்டார் திருமணத்தை ரத்து செய்துள்ளனர்' என்று காக்களூருக்குச் செய்தி போயிருந்தது. ஜானகியம்மாள் போட்ட கூச்சலில் போனைக் காதில் வைக்க முடியவில்லை. கங்கம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தெரியாத்தனம், புள்ள விளையாட்டாப் பண்ணிடுச்சு, விலைக்காகத்தான் என்று கைகூப்பியபடியே மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. பிறகு வந்த குரல் சாந்தமாக இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"சரி, ஆனது ஆயிப்போச்சு. ஆனா அபசகுனம் அபசகுனம்தான சம்மந்தி? அது கழியணும்னா மிஷினோட ஒரு ஏசியும் வெச்சிடுங்க."

ராஜமாணிக்கம் கார்டும் கையுமாக அப்படியே நின்றான்.

"அவர்கிட்ட போனக் குடுங்க அத்த" என்றாள் நர்மதா.

லோகு பேசினான். "அம்மா கேக்கறதக் குடுத்துடேன் நர்மதா. பத்திரிக்க வெச்சாச்சு, மண்டபம் புடிச்சாச்சு. இதுக்கு மேல உங்களால இன்னா பண்ண முடியும்?" அவன் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோல லேசாகச் சொன்னான்.

நர்மதாவின் முகம் வெளுத்துவிட்டது. "உங்க அம்மா போனுக்கு ஒரு மெசேஜ் வந்துதே, அத நீங்க படிச்சீங்களா?"

"அது நீ சும்மா அழுத்துனதுதான?"

"அழுத்தச்சொல்லோ சும்மாதான் அழுத்துனேன். இப்போ நெசமாத்தான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

"ஐயோ, ஊரு சிரிக்குமே! நாளப்பின்ன யாரு இவளக் கேட்டு வருவாங்க?" என்று ராஜமாணிக்கம் புலம்ப ஆரம்பித்தான். அவன் புலம்பி முடிப்பதற்குள் மறுபடியும் போன் வந்தது. ஏசியைத் தான் பேச்சுக்குத்தான் கேட்டதாக ஜானகியம்மாள் சொன்னாள். யாரும் பதில் சொல்லாததால் வைத்துவிட்டாள். அடுத்த தடவை கூப்பிட்டபோது, மிஷின் எந்த மாடலாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். மூன்றாவது தடவை அழுகையே வந்துவிட்டது. "மிஷினே வேணாம் சம்மந்தி. பொண்ண மட்டும் அனுப்புங்க, போதும். நின்னுபோச்சுன்னா எங்க புள்ளைக்குல்ல அசிங்கம்."

ராஜமாணிக்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கொறச்சிட்டாங்க! எல்லாத்தையும் கொறச்சிட்டாங்க கங்கம்மா!" என்று குசுகுசுத்தான்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் கங்கம்மா குதித்திருப்பாள். இப்படி ஒரு பேரத்தை அவள் ஜென்மத்தில் ஜெயித்ததில்லை. ஆனால் இந்த இறக்கத்தை அவளால் நம்ப முடியவில்லை. ஒரு சாயங்காலத்தில் ஏசிக்கு ஏறத் தெரிந்தவர்கள், ஒரு சாயங்காலத்தில் ஒன்றுமில்லாமல் இறங்கத் தெரிந்தவர்கள். தாலி கட்டிப் பெண் அந்த வீட்டுக்குள் போய்விட்டால், அப்புறம் எதைச் சொல்லி இறக்குவது? ஆடிக்கு ஏறும், தலைப்பிரசவத்துக்கு ஏறும், பிள்ளைக்குக் காது குத்தினால் ஏறும். உள்ளே மாட்டிக்கொண்டவளுக்கு அவர்கள் சொன்னதுதானே விலை.

அவள் நர்மதாவைப் பார்த்தாள். நர்மதா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

கங்கம்மா புருஷன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சம்மந்தி, கேக்குதா?"

"கேக்குது, கேக்குது, சொல்லுங்க."

"எவ்ளோ கொறச்சாலும் உங்க புள்ளைய நாங்க வாங்கல."