ஸ்பிரிங் இல்லாத கிட்டார்

ஆயுத பூஜை வந்துவிட்டால் எங்கள் முதலாளி கோவிந்தன் ரெஸ்டாரண்டில் எதையும் விட்டுவைக்க மாட்டார். கார், ஐஸ் பெட்டி, காபி அரைக்கும் மெஷின், கறி வெட்டும் கத்தி எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம். அறுபத்து நாலாம் வருடம் அந்தக் குளியல் என் கிட்டாருக்கும் கிடைத்தது. என் கிட்டார் என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அது அவருடையது, அவர் ரெஸ்டாரண்ட் பேண்டில் நான் வாசித்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்தியரிடம் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார். பெங்களூர் கண்டோன்மென்ட்டில் அதுபோல் இன்னொன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதன் அடிப்பக்கத்தில் ஒரு உருளை. ஆறு கம்பிகளும் அதில்தான் போய் மாட்டிக்கொள்ளும். உருளையோடு சேர்ந்து ஒரு ஹேண்டில். கம்பிகளின் இழுப்பு ஹேண்டிலைக் கீழே சாய்க்கப் பார்க்கும். அதன் அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குட்டி ஸ்பிரிங் உட்கார்ந்து, சாயவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கும். ஹேண்டிலை லேசாக அழுத்தினால் சுருதி இறங்கும். விட்டால் திரும்ப ஏறும். அழுத்தி அழுத்தி விட்டால், ஈரக்காற்றில் விளக்குச் சுடர் நடுங்குவதுபோல ஸ்வரம் நடுங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. முரட்டுத்தனமாக அமுக்கினால் கோபித்துக்கொள்ளும், சுருதி பழைய இடத்துக்கு வராது. மெதுவாக அமுக்கினாலும் ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிடும். சுண்டுவிரலால் ஒரு சின்னத் தூக்கு தூக்கி அதை வீட்டில் கொண்டுபோய்விட வேண்டும். இந்தச் சின்னத் தூக்கு பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது.

பிடிபட்டதுதான் வினையாகப் போயிற்று. அதன்பிறகு சாதாரண கிட்டாரைத் தொட்டால் என் சுண்டுவிரல் இல்லாத ஹேண்டிலைத் தேடும். வாசிப்பு சப்பென்று இருக்கும். இந்தக் கிட்டாரோ ரெஸ்டாரண்ட் வாசலைத் தாண்டக் கூடாது. ஒத்திகை, வாசிப்பு, சாப்பாடு எல்லாம் அந்த நான்கு சுவருக்குள். வேறு இடம் பார்க்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"தாராளமா போடா சின்னப்பா. கிட்டாரை வெச்சுட்டுப் போ. அப்டியே வாசல்ல நிக்கிற உங்கப்பனையும் கூட்டிக்கினு போ."

என் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்தவர் அவர்தான். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது இரண்டு பேர் சம்பளத்தில்.

அங்கிருந்து வெளியேற எனக்கு ஒரு வழி காட்டியவள் ஜூடித். எங்கள் பேண்டில் பாடுகிறவள். பம்பாயில் ஒரு பெரிய ஹோட்டல் பேண்டின் தலைவர் பாட ஆள் தேடுகிறார், கிட்டாருக்கும் தேடுகிறார் என்று மோப்பம் பிடித்துக் கடிதம் போட்டுவிட்டாள்.

"அங்க இதே மாதிரி ஹேண்டில் வெச்ச கிட்டார் சும்மா கிடக்குது மேன். வாசிக்க ஆள்தான் இல்ல. ஸ்வரத்தை நடுங்க வெச்சு ஷேக் பண்றவன் வேணுமாம். நீ செய்றது அதான?"

"அப்பாவோட வேலை?"

"பம்பாய் சம்பளத்துல உங்கப்பா எதுக்கு மேன் கேட்டுல நிக்கணும்?"

அன்று எனக்கு மூச்சு சீராக வந்தது. பம்பாய்க்காரர் விஜயதசமியன்று மாலை ஏழு மணிக்கு வந்து கேட்பார். மறுநாள் காலை ரயில். ஒரே வாய்ப்பு.

பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி கற்பூரம் காட்டும்வரை தொடக் கூடாது. கிட்டார் முதலாளி அறையில் கத்திகளுக்கும் காபி மெஷினுக்கும் நடுவே மாலை போட்டுக்கொண்டு கிடந்தது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கற்பூரம் காட்டிப் பொரியும் கடலையும் பங்கிட்டுக் கொடுத்து அவர் கிட்டாரை என் கையில் தரும்போது ஆறரை. அதில் ஒரு கம்பிகூட இல்லை.

"எல்லாத்தையும் கழட்டி சுத்தமா புளி போட்டுத் தேச்சேன்டா. பாரு, எப்படி மின்னுது!"

கம்பிகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஆறையும் ஒரே சமயத்தில் கழற்றினால் ஹேண்டிலை இழுத்துப் பிடிக்க எதுவும் இருக்காது, அடியிலிருக்கும் ஸ்பிரிங் உருண்டு விழுந்துவிடும். இது அவருக்கு எப்படித் தெரியும்? அவசர அவசரமாகக் கம்பிகளை மாட்டி முறுக்கினேன். ஹேண்டில் மேலே நிற்காமல் கிட்டாரின் வயிற்றில் படுத்துக்கொண்டது.

"முதலாளி, இதுக்கடியில ஒரு ஸ்பிரிங் இருந்துச்சே?"

"கறுப்பா, குட்டியா? அது எதுலேருந்து விழுந்துச்சோன்னு நெனச்சேன். குப்பையோட பெருக்கித் தள்ளியாச்சு. சின்ன சாமான்தான, ஜல்தியா வாசி, ஆளுங்க வந்துட்டாங்க."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. என் பொருளுக்கு மரியாதை செய்துவிட்டாராம். அந்த மின்னுகிற கிட்டாரை அவர் தலையிலேயே போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

டிரம்ஸ் அடிக்கும் டெஸ்மண்ட் நிலைமையைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டில் கார்க்கைக் கொண்டுவந்தான். ஹேண்டிலுக்கு அடியில் கார்க்கை அடைத்தால் சுருதி நிற்கும். ஆனால் ஹேண்டில் அசையாது, நடுக்கம் வராது. பம்பாய்க்காரர் கேட்க வருவதே அந்த நடுக்கத்தைத்தான்.

"கார்க் வேணாம்டா. நானே தூக்கிப் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

"பாட்டு முழுக்கவா? கை கழண்டுரும்."

கழன்றால் கழலட்டும். மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் ஹேண்டிலில் கொக்கிபோல் மாட்டித் தூக்கிப் பிடித்தேன். மீதி விரல்களால் மீட்டினேன். ஆறு கம்பியின் இழுப்பும் அந்த இரண்டு விரலில் தொங்கியது. கொஞ்சம் தளர்ந்தால் மொத்தச் சுருதியும் சரியும். கொஞ்சம் கூடினால் கம்பி கிறீச்சிடும். ஸ்பிரிங் பார்த்த வேலையை நான் பார்த்தேன்.

ஜூடித் பாடத் தொடங்கினாள். இதை எப்படிச் சொல்வது, நான் ஒருநாளும் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. ஸ்பிரிங்கின் பிடிவாதம் நடுவில் இல்லை. நான் நினைத்த அளவுக்கு நடுங்கியது, நினைத்த இடத்துக்கு வந்து நின்றது. முன்மேசையில் பம்பாய்க்காரர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். ஜூடித் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். போய்விட்டேன், பம்பாய்க்குப் போயே விட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பாட்டு நின்று கிட்டார் மட்டும் ஒலிக்க வேண்டிய இடம் வந்தது. முன்கையில் நரம்பு சுருட்டிப் பிடித்தது. பல்லைக் கடித்தேன். சுண்டுவிரல் மரத்துப்போய், எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கடைசி ஸ்வரத்தில் விரல்கள் வழுக்கின. ஹேண்டில் தடாலென்று விழுந்தது. ஆறு கம்பியும் சேர்ந்து, கன்று ஈனும் எருமைபோல ஒரு முக்கல் முக்கி அடங்கின.

அப்புறம் விசில் பறந்தது. மேசைகளைத் தட்டினார்கள். "ஒன்ஸ் மோர்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். மறுபடி தூக்கினேன், பாட்டை முடித்துவிடலாம் என்று. விரலில் பலம் இல்லை. மறுபடி விழுந்தது. கூரை இடிந்துவிடும்போலக் கைத்தட்டல்.

முதலாளி மேடைக்கே ஏறிவந்து என் தோளில் கை போட்டுக்கொண்டார். பம்பாய்க்காரரும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நல்ல வேடிக்கை காட்டினீங்க தம்பி. ஆரம்பத்துல நெஜமாவே பிரமாதம். ஆனா எனக்கு வேடிக்கை வேணாம், வாசிக்கிற ஆள் வேணும்" என்றார் தமிழில். சேலம் பக்கத்து ஆள் போலிருக்கிறது.

ஸ்பிரிங் இல்லை ஐயா என்று சொல்ல வாய் திறந்தேன். தோளில் இருந்த கை செல்லமாக அழுத்தியது.

"நம்ம பையன் எங்கயும் போக மாட்டான் சார். நம்ம வீட்டுப் புள்ள" என்றார் முதலாளி. பம்பாய்க்காரர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சொல்லியிருந்தால் மறுநாள் அப்பாவுக்கு வேலை இருந்திருக்காது. சொன்னாலும் பம்பாய்க்காரர் நம்பியிருப்பார் என்பதற்கு என்ன நிச்சயம்? அன்றைக்கு அழுகை வந்தது. அழவில்லை.

காலை ரயிலில் ஜூடித் மட்டும் போனாள்.

அடுத்த வாரம் ஒரு மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங் ஒன்று தேடிப்பிடித்து, அளவாக வெட்டித் தேய்த்து மாட்டினேன். பழையதைவிடக் கொஞ்சம் விறைப்பு. ஆனாலும் ஹேண்டில் நிமிர்ந்து நின்றது. சனிக்கிழமை மேடையில் ஏறி அழகாக, மெதுவாக, அது எப்படி நடுங்க வேண்டுமோ அப்படி நடுங்கவைத்தேன். யாரும் கேட்கவில்லை. "எருமை! எருமை!" என்று அந்த முக்கலைக் கேட்டு மேசைக்கு மேசை கத்த ஆரம்பித்தார்கள்.

முதலாளி மேடைக்கு வந்தார். குனிந்து ஹேண்டிலுக்கு அடியில் பார்த்தார். கம்பிகளைத் தளர்த்தச் சொன்னார். தளர்த்தினேன். ஸ்பிரிங்கைத் தானே உருவியெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டினார்.

"இதெல்லாம் எதுக்குடா? அதான் நீ இருக்கியே."

நான் கம்பிகளை முறுக்கி, விரல்களை மடக்கி, ஹேண்டிலைத் தூக்கிப் பிடித்தேன். டெஸ்மண்ட் தாளத்தைத் தொடங்கினான்.