மூன்றாவது நிரல்

தாளின் நடுவே அடிமட்டத்தை வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் மற்றவர். இரண்டு பேரும் பெண்கள். இரண்டு பேருடைய கணவர்மாரும் கொல்லப்பட்டவர்கள். ஒருவருடைய கணவர் இறந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. தேர்தலில் அவர் நிற்க இருந்த இடத்தில்தான் மனைவியை நிறுத்தியிருந்தார்கள். வருகிற புதன்கிழமை இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை இங்கே ஜெர்மனியில் நீதிமன்றத்தில் அப்பாவுக்கு டெர்மின், விசாரணை நாள்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது எங்கள் வழக்கறிஞர். அப்பாவோடு மொழிபெயர்க்கப் போனபோது அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தே சொன்னார். நீதிபதியும் பத்திரிகை வாசிக்கிறவர். சமாதானம் பேசுகிறவர் வென்றால் உங்களுக்கு அங்கே என்ன பயம் என்று கட்டாயம் கேட்பார். இரண்டு பேருடைய நிலைப்பாடும் என்ன, யார் வந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு பக்கத்தில் எழுதித் திங்கட்கிழமை காலை கொண்டுவாருங்கள். அப்பாவின் அகதி விண்ணப்பம் இரண்டு வருடத்துக்கு முன் நிராகரிக்கப்பட்டிருந்தது. இந்த மேன்முறையீடும் போனால் திருப்பி அனுப்புகிற கடிதம் வரும். அப்பாவுக்கு வந்தால் அம்மாவுக்கும் எனக்கும் அதே கடிதம்தான்.

எங்கள் வீட்டில் ஜெர்மன் எழுதத் தெரிந்தது எனக்கு மட்டும். டோர்ட்மண்டில் நாலு வருடம் பள்ளிக்கூடம் போனேன். வசந்தகாலத்தில் நிறுத்திவிட்டேன். எல்லாரும் வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிடம் பேசவேண்டும் என்றார்கள். நான் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். எழும்பி நின்றபோது குரல் வரவில்லை. அடுத்த நாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. வீட்டில் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்கக் கந்தோர்களிலிருந்து வரும் கடிதங்களை வாசிக்க ஓர் ஆள் வீட்டில் இருப்பது அவர்களுக்கும் உதவியாக இருந்தது. பள்ளிக் கொப்பிகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களை நான் வேறு எழுத்துகளால் நிரப்பி மெத்தைக்குக் கீழே வைத்திருந்தேன். கோடு இழுத்த இந்தத் தாளும் அப்படி ஒரு கொப்பியிலிருந்து கிழித்ததுதான்.

அப்பா பீட்சாக் கடையில் கோப்பை கழுவினார். ஆட்கள் மேசையில் விட்டுப்போகும் பத்திரிகைகளைக் கொண்டுவந்து தருவார். அவற்றில் இலங்கையைப் பற்றி உள்ளங்கை அளவுச் செய்தி இருந்தது. இடப்பக்கத்துப் பெண் பேச்சுவார்த்தை நடத்துவேன் என்கிறார், பிரதமராக ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ஆட்களை அனுப்பி ஒருமுறை பேசியும் இருந்தார். ஜனாதிபதிப் பதவியையே இல்லாமல் ஆக்குவேன் என்கிறார். வலப்பக்கத்துப் பெண்ணைப் பற்றி அவர் விதவை என்பதற்கு மேல் அந்தச் செய்திகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. யுத்தம், பேச்சுவார்த்தை, பொருட்தடை, கைதுகள், ஜனாதிபதிப் பதவி என்று ஐந்து நிரை போட்டிருந்தேன். இடது நிரல் பாதி நிரம்பியது. வலது நிரல் வெள்ளையாகக் கிடந்தது.

"அதுக்கு ஏன் யோசிக்கிறாய் பிள்ளை? ரெண்டு பேரும் ஒண்டுதான் எண்டு எழுது," என்றார் அப்பா.

"ஒண்டெண்டால் ஏனப்பா ரெண்டு நிரல்?"

மேசைக்கு வந்திருந்த குணசேகரம் மாமா சிரித்தார். அவர் மேல்மாடியில் இருக்கிறவர். சிற்றலை வானொலி வைத்திருப்பவர். அவருக்குப் போன வருடமே அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. நீலப் பாஸ்போட்டை இரண்டு கிழமை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

"சூசை, உன்ரை மேள் கேக்கிறது நியாயமான கேள்வி. நீ கோட்டுக்கு நீதிபதியிட்டைப் போகவேண்டாம், அவளை அனுப்பு."

"உங்களுக்குப் பகிடி அண்ணை. நீலப் பாஸ் இருக்கிறவைக்கு எல்லாம் பகிடிதான்."

"பாஸ் கிடைச்சாப் பிறகுதானடா எனக்குச் சிரிப்பே வந்தது. முந்தி நானும் உன்னைமாதிரித்தான் மூஞ்சியை வைச்சுக்கொண்டு இருந்தனான்."

அம்மா அடுப்படியில் நின்றபடி, "இஞ்சாருங்கோ, அந்த மனிசி வெல்லட்டும்," என்றார். எந்த மனிசி என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து சின்னம்மாவின் கடிதம் வந்து ஆறு நாளாகியிருந்தது. இத்தனை வருடம் பொருட்தடையால் கிடைக்காத பேட்டரி இப்போது கடையில் விற்கிறதாம். பிள்ளைகள் றேடியோவுக்குப் போட்டுப் பாட்டுக் கேட்கிறார்களாம். அம்மா அந்தக் கடிதத்தை அரிசிப் பேணிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு முறை அரிசி எடுக்கும்போதும் வாசித்தார்.

"வெல்லட்டும். நான் வேண்டாமெண்டே சொன்னனான்? கோட்டு வழக்கு முடிஞ்சு வெல்லட்டும்," என்றார் அப்பா.

வியாழக்கிழமை மத்தியானம் குணசேகரம் மாமா படியில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்க முதலே கத்தினார். "எவ்லின், உன்ரை மற்ற நிரலை வெட்டு! அந்த மனிசிக்கு அறுபத்திரண்டு வீதம்!"

அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அப்பா வேலைக்குப் போக சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்தோடு அப்படியே இருந்தார். பிறகு, "நல்லது," என்றார். மற்றச் சப்பாத்தையும் போட்டு, நாடாவைக் கட்டி, குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டு போனார். வழக்கமாகக் கதவடியில் திரும்பி, இரவைக்கு என்ன கறி என்று கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் மேசையில் இருந்தோம். நான் அப்பாவின் வலப்பக்கம் இருந்தேன். அப்பாவுக்கு இடது காது கேட்காது. சிறுவயதில் கடலில் சுழியோடியபோது தண்ணீர் போனது என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் எல்லாரும் யோசிக்காமலே அவருடைய வலப்பக்கத்தில்தான் உட்காருவோம்.

"எழுது," என்றார். "அவ சொல்லுறது எல்லாம் பொய். பேச்சுவார்த்தை நடக்காது. சமாதானம் வராது."

நான் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

"எழுதன்."

"அப்பா, நாளைக்குப் பூசையில நான் மன்றாட்டு வாசிக்கவேணும். கோயில் பென்ஜமின் மாஸ்டர் தாளைத் தந்திட்டுப் போயிருக்கிறார். அதில சமாதானம் வரவேணுமெண்டு இருக்கு. இதில வராதெண்டு எழுதுறதோ?"

"அது கடவுளிட்டைக் கேக்கிறது. இது கோட்டுக்கு." சொல்லிவிட்டு அவருக்கே அது பிடிக்கவில்லை. முகத்தைக் கையால் துடைத்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கேள்வி வந்ததென்று தெரியவில்லை. "உங்களைப் பிடிச்சது ஆரப்பா? அப்ப இருந்த ஜனாதிபதியோ?"

"விசர்க்கதை கதைக்காதை. ஜனாதிபதி வந்தே பிடிக்கிறது? ஒரு பொலிசுக்காரன்."

"அவன் இப்ப எங்கை?"

அப்பா மேசைவிரிப்பில் இருந்த பூவைப் பார்த்தார். பிறகு சொன்னார். கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்தபோது கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும், விண்ணப்பத்தில் இருக்கிறது. அந்தப் பொலிசுக்காரன் அப்பாவைவிட இளையவன், இருபத்தாறு வயது இருக்கும், நெற்றியில் சின்னதாக ஒரு காயத்தழும்பு. அடையாள அட்டையை வாங்கித் தன்னுடைய மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டான். திருப்பித் தரவில்லை. ஒவ்வொரு நாளும் விடிய வந்து பெயரைக் கேட்பான். சூசைதாசன் என்று சொன்னதும் அடிப்பான். இடக்கையால் அல்ல, வலக்கையால், ஆகவே எப்போதும் இந்தப் பக்கம். அப்பா தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். சுழியோடியதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"கொம்மாவுக்குச் சுழியோடினதுதான் தெரியும்."

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா தேவாலயத்துக்குக் கொண்டுபோகும் ரோல்ஸுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். கை நின்றிருந்தது. பிறகு மறுபடி குழைக்கத் தொடங்கினார், முன்னையைவிட அழுத்தமாக.

நான் புதிய தாள் எடுத்தேன். இந்த முறை இரண்டு கோடு இழுத்தேன். இடப்பக்கம் வென்றவர் சொன்னவை, சொன்னபடியே. நடுவில் தோற்றவர். நான் தேடிய பத்திரிகைகளில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று உள்ளதையே எழுதினேன். மூன்றாவது நிரலின் மேல், யார் வென்றாலும் மாறாதவை என்று எழுதி, கைதுகள் என்ற நிரையில் அந்தப் பொலிசுக்காரனையும் காதையும் பற்றி அப்பா சொல்வதாக எழுதினேன். அவர் முப்பது வயதளவில் இருப்பார். இன்னும் வேலையில் இருக்கக்கூடும். என் அடையாள அட்டை அவரிடம் இருக்கிறது. புதிய ஜனாதிபதி சமாதானத்தை விரும்புகிறார் என்று நான் நம்புகிறேன். அது அந்த லாச்சிவரை போய்ச் சேர எவ்வளவு காலம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

தமிழில் வாசித்துக் காட்டினேன். அப்பா, "நம்புகிறேன் எண்டு போட்டிருக்கிறியோ?" என்று கேட்டார்.

"ஓம். எடுக்கிறதோ?"

"இருக்கட்டும்."

பின்னேரம் குணசேகரம் மாமாவிடம் காட்டினோம். அவர் பகிடி விடவில்லை. "காதுக் கதை முதல் விசாரணையில இல்லையே சூசை. அப்ப சொல்லாததை இப்ப சொன்னால், கட்டின கதை எண்டுவாங்கள். எத்தினை பேருக்கு அப்பிடி நடந்தது."

"அப்ப மொழிபெயர்க்க இருந்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை அண்ணை. அதுக்கு முன்னாலை சொல்ல வெக்கமாய் இருந்தது."

"அதையும் எழுது பிள்ளை," என்றார் மாமா. எழுதினேன். தாளில் இடமில்லாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதவேண்டியிருந்தது.

தமிழ்ப் பூசை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு. ஜெர்மன்காரர் காலையில் முடித்துவிட்டுப் போன தேவாலயத்தில் வெப்பமூட்டி ஆறிக்கொண்டிருக்கும்போது நாங்கள் போவோம். அன்றைக்குக் கூட்டம் அதிகம். எல்லாரும் தேர்தலைப் பற்றியே கதைத்தார்கள், சிரித்துக் கைகொடுத்தார்கள். அப்பா வழமைபோல் மூன்றாவது வரிசையில், வலது காது பீடத்துக்குத் திரும்பியிருக்க, ஓரமாக இருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. திங்கட்கிழமைக்கான தாள் நாலாக மடித்து உள்பையில் இருந்தது. வீட்டில் வைத்தால் ஏதும் ஆகிவிடும் என்று கொண்டுவந்திருந்தார்.

மன்றாட்டு வாசிக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுதான் என்னைக் கேட்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குக் குரல் வராததால் தாள் என் கைக்கு வந்தது. நான் போய் நின்றேன். ஒலிவாங்கி உயரமாக இருந்தது. பென்ஜமின் மாஸ்டர் வந்து அதைக் கீழே இறக்கிவிட்டார். முதல் மன்றாட்டு திருச்சபைக்காக. என் குரல் எனக்கே யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டது, ஆனால் கேட்டது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா எப்போதும் மற்றவர்களின் குரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் பிந்தித்தான் சொல்லுவார்.

இரண்டாவது மன்றாட்டு நான் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் கேட்கிற அதேதான். ஒரு சொல்லும் மாற்றாமல் மாஸ்டர் எழுதித் தந்திருந்தார். "எங்கள் நாட்டில் சமாதானம் மலரவும், இடம்பெயர்ந்து அந்நிய நாடுகளில் வாழும் நாங்கள் அனைவரும் விரைவில் எங்கள் சொந்த வீடுகளுக்குத் திரும்பிச் செல்லவும் அருள்புரிய வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

வாசித்து முடித்தபின்தான் தலையை நிமிர்த்தினேன். பதில் வரவில்லை. பென்ஜமின் மாஸ்டர் தன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் மகனின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். இத்தனை வருடமும் உரத்துச் சொன்ன ஆட்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை என்று எனக்குத் தெரியும், பாதிப் பேருடைய கடிதங்களை வாசித்துக் கொடுத்ததே நான்தான். சமாதானம் வந்துவிட்டது என்றால் அவர்களுக்கும் திருப்பி அனுப்புகிற கடிதம்தான் வரும். அம்மா வாயைத் திறந்துவிட்டு, திரும்பி அப்பாவைப் பார்த்தார். வெப்பமூட்டிக் குழாய் இரண்டு தரம் டிக்கென்று சத்தமிட்டது.

"ஆண்டவரே," என்றது ஒரு குரல், பெரிதாக, காது கேட்காதவர்கள் கதைக்கும் சத்தத்தில். பிடித்துக்கொள்ள முன்னால் வேறு குரல் இல்லாமல் அப்பா தனியாகச் சொல்லிக்கொண்டு போனார். "எங்கள் மன்றாட்டை" என்ற இடத்தில் அம்மா சேர்ந்தார், பிறகு பின்னாலிருந்து ஒவ்வொருவராக. அப்பாவின் கை கோட்டின் மேல், தாள் இருந்த இடத்தை அமத்திப் பிடித்திருந்தது. நான் ஒலிவாங்கியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நோயாளிகளுக்கான மூன்றாவது மன்றாட்டு எந்த வரியில் தொடங்குகிறது என்று தேடினேன்.