தலையணையில் விழுந்த பள்ளம்

தலையணைக் கடையின் படத்தைப் பார்த்தவர்கள், பார்த்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள். கடைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிய முதல் வாரத்திலேயே இது தெரிந்துவிட்டது. படத்தில் விசேஷமாக ஒன்றுமில்லை. ஒரு மர மேசை, அதன்மேல் உறை போடாத வெள்ளைத் தலையணை, தலையணையின் நடுவில் யாரோ தலை வைத்து எழுந்துபோன மாதிரி ஒரு பள்ளம். கீழே கடையின் பெயர், விலை, தொலைபேசி எண் எல்லாம் முறையாகத்தான் இருந்தன. ஆனால் அவ்வளவு கீழே கண்ணை இறக்கும்வரை விழித்திருந்தவர் யாருமில்லை. விலை கேட்டு எழுதத் தொடங்கிய சிலரும் பாதியிலேயே கண் அசந்தார்கள். "எவ்வளவு வி" என்பதோடு நின்றுபோன கேள்விகள் படத்துக்கடியில் வரிசையாகக் கிடந்தன.

பக்கத்தைத் தொடங்கியவன் தலையணைக்காரியின் தம்பி. ஒரு பிஸ்கட் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் பல வருடம் மாடாய் உழைத்தவனை, கம்பெனி ஒரு காலைக் கூட்டத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தது. அன்று மத்தியானமே ஒரு பையோடு அக்காவின் கடைக்கு வந்தான். "சாப்டியாடா?" என்று கேட்டாள். "அப்புறம்க்கா" என்றவன், துணி வெட்டும் மேசையிலேயே ஒரு புதுத் தலையணையைப் போட்டுப் படுத்தான். கடை சாத்தும் வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தைத்து முடித்த ஒவ்வொரு தலையணையிலும் கன்னத்தை ஒரு கணம் வைத்துப் பார்ப்பாள், பிறகு இரண்டு தட்டுத் தட்டிப் பள்ளத்தை எடுத்துவிட்டுத்தான் அடுக்குவாள். அன்று தம்பி எழுந்துபோன தலையணையைத் தட்ட அவளுக்குக் கை வரவில்லை. பிள்ளை எத்தனை காலம் கழித்துத் தூங்கினானோ என்று அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று அவன் படம் எடுத்தது அந்தத் தலையணையைத்தான்.

அவளுக்கு இந்தப் பக்கம், படம் என்பதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. சுற்றியிருந்த தெருக்களின் தலைகளே அவள் பிழைப்புக்குப் போதுமானவையாக இருந்தன. தம்பிக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும், அதற்காகத்தான் சரி என்றாள். அவனோ பிஸ்கட்டுக்குச் செய்ததையெல்லாம் தலையணைக்கும் செய்தான். கடைப் பெயருக்கு ஒரே எழுத்துரு, பின்னணிக்கு ஒரே நிறம், வாடிக்கையாளரோடு பேச ஒரே குரல் என்று வரைமுறை வகுத்தான். படத்தைப் பார்த்தவர்கள் லட்சத்தைத் தொட்டார்கள், வாங்கியவர் ஒருவருமில்லை. விலையைப் படத்துக்கு மேலே ஏற்றிப் பார்த்தான். விலையை மட்டும் பார்த்தவர்களுக்கு வாங்கத் தோன்றவில்லை, படத்தைப் பார்த்தவர்களுக்கு வாங்க நேரமில்லை.

வியாபாரத்தைக் காப்பாற்றியது கழுத்துவலி. பேருந்து ஜன்னலில் சாய்ந்தும், அலுவலக மேசையில் கவிழ்ந்தும், கழிவறையில் உட்கார்ந்தபடியும் தூங்கியவர்கள் கழுத்து பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஒரு பக்கம் தலை சாய்ந்த மனிதர்கள் விலாசம் விசாரித்துக்கொண்டு தெருவுக்குள் வரத் தொடங்கினார்கள். நேராக நிற்கிற கடைப் பலகையை அவர்கள் சாய்வாகவே படித்தார்கள். ஒரு மாதம் கழித்து அக்கா இரண்டு தையல்காரிகளை வேலைக்கு வைத்தாள். அடுத்த வருடம் பக்கத்துக் கடையின் சுவரை இடித்துக் கடையைப் பெரிதாக்கினார்கள். பெரிய மெத்தைக் கம்பெனி ஒன்று படத்தை விலைக்குக் கேட்டு ஆளனுப்பியது. வந்தவர், சரியான படம்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளப் போய், சாயங்காலம்வரை நாற்காலியில் குறட்டை விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்காமலே திரும்பிப்போனார்.

தூங்காதவன் தம்பி ஒருவன்தான். கடைக்கு வந்த அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவனுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. மாத்திரை, மருத்துவர், வெதுவெதுப்பான பால் எதுவும் கேட்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியதாகிவிட்டது. எந்நேரமும் முழித்திருந்ததால் எந்நேரமும் பதில் எழுதினான், அதனாலேயே கடைக்கு நல்ல பெயரும் வந்தது. அந்தப் பெயர் அக்காவுக்குக் கசந்தது. ஊரே தூங்க, தன் வீட்டுப் பிள்ளை மட்டும் இப்படி உருகுகிறானே என்று தையல் மெஷினில் உட்கார்ந்து அழுதாள்.

"நீயும் அந்தப் படத்த ஒரு தடவ பாரேன்டா."

"நாள் பூரா அதத்தானேக்கா பாத்துட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

ஒருநாள், அந்தப் பள்ளத்தால் தலையணை பழையது மாதிரி தெரிவதாகவும், கடையின் தரத்துக்கு அது சரிப்படாது என்றும் அவனுக்குத் தோன்றியது. கணினியில் அதை மெழுகித் துடைத்தாற்போல் நிரவினான். பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பக்கத்தில் ஏற்றினான். ஏற்றிய கை பொத்தானில் இருக்கும்போதே தலை தொங்கியது. அக்கா டீயோடு வந்து பார்த்தபோது வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். திரையைப் பார்த்தாள், அவளுக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவன் கன்னம் மேசையில் அழுந்தியிருந்த வாகும், அன்று அவள் தட்டாமல் விட்ட பள்ளமும் ஒன்றுதான் என்பது அப்போது விளங்கியது. இத்தனை காலமும் ஊர் தூங்கியது இவன் தூக்கத்தைத்தான். டீயை அவளே குடித்தாள்.

அவன் மூன்று நாள் தூங்கினான். தொலைபேசியை அவள் எடுத்தாள். "பதில் எழுதறவர் தூங்கறாரு" என்று சொன்னாள். "அப்ப நாங்க தூங்க வேணாமா?" என்று கேட்டார்கள். கோபப்பட்டவர்களை அவள் சமாளித்துவிட்டாள். கோபப்படாமலும் சிலர் வந்து நின்றார்கள். காலில் இரும்புத் தகடு வைத்துத் தைத்திருந்த பட்டறைக்காரர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். "அந்தப் படத்தப் பாத்தா கொஞ்ச நேரம் வலி தெரியாதும்மா, அதான்" என்றார், ஏதோ கடன் கேட்பவரைப்போல் கூச்சத்தோடு. இரவெல்லாம் அழும் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற ஒருத்தி வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

தம்பி எழுந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய படம் அவள் கைபேசியில் இன்னும் இருந்தது. அவன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "போட்டுடலாம்க்கா" என்றான். "நீ சும்மா இரு" என்று கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. அதை யாருக்கும் எடுத்துக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்தைத் திறந்தவனுக்குக் கண் செருகியது. தன் படம் தன்னைத் தூங்கவைக்காது என்பது அவனுக்கு இப்போது தெரியும். விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அதே மேசை, அதே வெள்ளைத் தலையணை. ஆனால் பள்ளம் சிறியது, நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி இருந்தது. சின்ன வயதில் இருவரும் ஒரே தலையணையில் படுத்தபோது, அவனுக்கு இடம் விட்டு ஓரத்தில் ஒதுங்கிப் படுப்பாள் அக்கா. அந்த இடம்தான் அது. தட்டுத்தடுமாறிக் கடைக்குப் போனான். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள், கண் இரண்டும் கோவைப்பழம்.

"எத்தன நாளா?"

"எனக்கென்னடா, தைக்கற வேல நிறைய இருக்கு."

அவனுக்கு அழுகை வந்தது. அழுது முடித்தபின் இருவரும் சண்டை போட்டார்கள், சண்டை போட்ட பின் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒருநாள் அவன் பள்ளம், ஒருநாள் அவள் பள்ளம். பட்டறைக்காரர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். தம்பியின் நாளில் அடித்துப்போட்டாற்போலத் தூக்கம் வருகிறதாம், அக்காவின் நாளில் யாரோ போர்வையை இழுத்து மூடிவிடுகிற மாதிரி இருக்கிறதாம். தையல்காரிகள் தாங்களும் ஆளுக்கொரு நாள் தருவதாகச் சொன்னபோது அக்கா வேண்டாம் என்றாள், பிறகு மழைக்காலத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டாள்.

அது நடந்து பல வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பக்கத்தில் படம் இருக்காது. அன்று ஊர் விழித்திருந்து துணி துவைக்கும், தள்ளிப்போட்ட வேலைகளைப் பார்க்கும், வலியுள்ளவர்கள் வலியோடு இருப்பார்கள். கடை வாசலில் தம்பி தன் கையால் எழுதிய அட்டை தொங்கும்: இன்று எங்கள் தூக்கம். பட்டறைக்காரர் அதைப் படித்துவிட்டு, உள்ளே சத்தம் கேட்காதபடி ஊன்றுகோலை மெதுவாக ஊன்றித் தெருவைக் கடந்து போவார்.