ஆடிக்கு முன் வெட்டிய பட்டை

ஆடி பிறப்பதற்குள் மூன்று காயிலையும் வெட்டி முடித்துவிட வேண்டும் என்று சுடலைராஜ் விடிந்ததுமே மெஷினைப் போட்டுவிட்டார். ராஜபாளையம் ரோட்டோரம் அவருடைய தகர ஷெட். காயில் என்கிற அகலமான இரும்புத் தகட்டுச் சுருளை ஒரு பக்கம் ஏற்றினால், மறுபக்கம் விரல் அகலப் பட்டைகளாகக் கிழிந்து வரும். அவை தூத்துக்குடிக்குப் போய், குழாயை இறுக்கும் கிளாம்பாகி, அமெரிக்காவுக்குக் கப்பலேறும். சுடலைராஜ் தூத்துக்குடிக் கடலைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் வெள்ளைக்காரன் வீட்டுக் குழாய் தன் பட்டையால்தான் ஒழுகாமல் இருக்கிறது என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

ஆடியில் புதுக் காயிலில் பிளேடு வைக்கக் கூடாது. அவர் அப்பா போட்ட சட்டம் அது. போதாததற்கு, கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் வேலையாட்கள் ஷெட் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். காயிலை விலைக்குக் கொடுத்துப் பட்டையை வாங்கிக்கொள்ளும் தூத்துக்குடி ஏஜெண்ட் ஷாஜித், தான் சொன்ன பிறகுதான் வெட்ட வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லுவான். வருஷா வருஷம் இவர் கேட்காமலே வெட்டுவார். இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

“ஏங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டலாம்லா” என்றாள் மனைவி கோமதித்தாய். அமெரிக்காவில் இரும்புக்கு வரியை இரட்டிப்பாக்கிவிட்டதாக டிவியில் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

“வரி போட்டா அவன் கெட்டிட்டுப் போறான். நமக்கு என்னட்டி?”

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு கணக்குப் போட்டது. வெட்டாத காயில் என்றால் கதவு செய்கிறவன் வாங்குவான், டிரங்குப் பெட்டி செய்கிறவன் வாங்குவான். இந்த அகலத்துக்கு வெட்டிவிட்டால் அந்த ஒரு அமெரிக்கக் கம்பெனியைத் தவிர வேறு யாருக்கும் உதவாது. இந்த மூன்று காயிலுக்காக வீட்டுப் பத்திரம் பேங்கில் கிடக்கிறது.

முதல் காயில் ஓடும்போதே போன் அடித்தது. ஷாஜித். சுடலைராஜ் அதைக் கவிழ்த்து வைத்தார். எடுத்தால் அவன் ஏதாவது சொல்லுவான், சொன்னால் நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் ஆடி பிறந்துவிடும். இரண்டாவது காயிலிலும் போன் விடாமல் அதிர்ந்தது. வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அவர்கள் பக்கமே திரும்பவில்லை.

மூன்றாவதை ஏற்றி, அதன் நுனி பிளேடுக்குள் நுழைந்ததுதான் தாமதம், மெஷின் நின்றது. கோமதித்தாய் சுவிட்சுப் பெட்டியருகே நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதைத் தொட்டதே இல்லை. போனை நீட்டினாள்.

“அண்ணாச்சி, எங்கன போனீங்க? காலைலேர்ந்து அடிக்கேன்” என்றான் ஷாஜித். “அமெரிக்காக்காரன் ஆர்டரை நிப்பாட்டிட்டான். கிளாம்புக்கும் அந்த வரி வருதாம். இனிமே நம்மகிட்ட வாங்க மாட்டானாம்.”

சுடலைராஜ் பிளேடுக்குள் நுழைந்திருந்த நுனியைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க. கதவு பண்ணுத கம்பெனி ஒண்ணு முழு காயிலா கேக்கு. உங்களுக்கு நட்டம் இல்லாம நானே திருப்பி எடுத்துக்கிடுதேன். லாரியும் விட்டாச்சு, இப்ப வந்துரும். பிளேடு வைக்கலல்லா?”

சுவரோரம் இரண்டு காயிலின் பட்டைகளும் வளையம் வளையமாகச் சாத்தியிருந்தன. இன்னும் வெட்டிய சூடு ஆறவில்லை. முதல் தடவை அடித்தபோதே எடுத்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. மெஷினைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லப்பா” என்றார். “முழுசாத்தான் இருக்கு.”

சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. கோமதித்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது.

வெளியே ரோட்டிலிருந்து ஒரு லாரி மண்ணில் இறங்கி, ரிவர்ஸில் ஷெட்டை நோக்கி வந்தது. வேலையாட்கள் யாரும் சொல்லாமலே வாசலைவிட்டு ஒதுங்கினார்கள். டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். முழு காயிலைத் தூக்குகிற பெரிய கொக்கியைச் சங்கிலியோடு தரதரவென்று இழுத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி உள்ளே வந்தார்.