நான்காவது பாட்டு

நான் பிட்ஸ்பர்க்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். அந்தப் படத்தை முதன்முதலாகத் திரையரங்கில் பார்க்கப் போனபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதற்கு முன் பதினைந்து வருடம் அதன் பாட்டு கேசட்டை மட்டுமே கேட்டிருந்தேன்.

வெளியான வருடமே ஊத்திக்கொண்ட ராக் இசைப் படம் அது. ஒரு முகமூடி மல்யுத்தக்காரனின் கதை. நான்காவது பாட்டில் அவன் தோற்றுப்போய், தெருவோரத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குக் கூப்பிடுவான். யாரும் எடுக்கமாட்டார்கள். மணி அடிக்க அடிக்க, அவன் பாட்டுக்குப் பாடுவான். டிரம்ஸ் ஓய்ந்து பியானோ மட்டும் கூட வரும். என் கணவர் விட்டுவிட்டுப் போன வருடம், பார்த்தவர்கள் எல்லாம் என்னிடம் "சரியாயிடும்" என்றார்கள். அந்தப் பாட்டு அப்படிச் சொல்லவில்லை. அதனாலேயே அதை நம்பினேன்.

"மாசாமாசம் சனிக்கிழமை மத்தியானம் போடறாங்கடி. ஜனம் முகமூடி மாட்டிக்கிட்டு வருது. நீயும் வா" என்று என்னோடு பேருந்து ஓட்டும் டார்லீன் இழுத்துப்போனாள்.

முதல் மூன்று பாட்டுக்கும் கூட்டம் சேர்ந்து பாடியது, பாப்கார்னை வாரி இறைத்தது. நானும் சிரித்தேன். நான்காவது வந்தது. திரையில் அவன் எண்ணைச் சுழற்றினான். முன் வரிசையில் வெள்ளி முகமூடி போட்ட நெட்டையன் ஒருவன் எழுந்து, "ராங் நம்பர்" என்று கத்தினான். அரங்கமே கத்தியது. ஒவ்வொரு மணிக்கும் அதே கத்தல். பியானோ காதில் விழவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "பாட்டைக் கேக்க விடுங்கடா, நாசமாப் போறவங்களா" என்றேன்.

கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் தனியாகப் போனேன். அதே இடத்தில், நான் வாயைத் திறக்கும் முன்பே, இருநூறு பேர் ஒரே குரலில் என் திட்டைச் சொன்னார்கள். அச்சு அசலாக, நாசம் உட்பட.

நேரே மேலாளரிடம் போனேன். "அந்த ஒரு பாட்டுக்காவது அவங்களை அடக்கக்கூடாதா?"

"கத்தறதுக்குத்தாம்மா டிக்கெட் வாங்கறாங்க. அமைதி வேணும்னா சர்ச் இருக்கு."

வாசலில் அந்த நெட்டையன் நின்றுகொண்டிருந்தான். "மேடம், போன மாசம் திட்டினது நீங்கதானே? பிரமாதம்."

"உனக்கு அந்தப் பாட்டு பிடிக்காதா?"

முகமூடியைக் கழற்றினான். முப்பது வயதிருக்கும். கர்ட்டிஸ் என்று பெயர் சொன்னான். "பிடிக்காம என்ன? கத்தலைன்னா அழுதுடுவேன். இத்தனை பேர் நடுவுல எப்படி அழறது? வீட்டுலகூட அதைத் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போயிடுவேன்."

"அப்ப முழுசாக் கேட்டதே இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினான். எரிச்சலாக வந்தது. இப்படி ஒருவனா என் பாட்டைக் கெடுத்தான்?

"கேசட் என் கார்ல இருக்கு. வா. ஆனா வாயைத் திறக்கக்கூடாது."

கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டைப் போட்டேன். முதல் மணிக்கு அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். இரண்டாவது சரணத்தில் கண் நிறைந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் மல்யுத்தக்காரன், போனை எடுக்காத தன் மகளிடம் பேசுகிற வரி வந்தபோது, அதற்காகவே நான் பதினைந்து வருடம் கேட்ட அந்த வரி வந்தபோது, கர்ட்டிஸ் கைக்குட்டையை எடுத்து, கார் அதிர மூக்கைச் சிந்தினான்.

"மன்னிச்சிடுங்க" என்றான்.

நான் கேசட்டைப் பாட்டின் ஆரம்பத்துக்குப் பின்னால் ஓட்டினேன்.