ஹஸ்னா வீட்டு முற்றத்துக்கு மேலே நின்ற குண்டு

அந்நியர் விமானம் போட்ட குண்டு பேரீச்சை மர உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. பஸ்ராவுக்குத் தெற்கே, ஆற்றோரத்து அல்-ஹம்சாவில், மரமேறி ஒருவரின் வீட்டு முற்றத்துக்கு நேர் மேலே அது நின்றது. அந்நியர் இரண்டாம் தடவையாக நாட்டுக்குள் வந்த வருஷம் அது. ஊர் தோப்புக்குள் ஓடியது, சாயங்காலம் பசித்ததும் திரும்பி வந்து மீன் சுட்டது. குண்டு அன்று மாலையும் விழவில்லை, அடுத்த கோடையிலும் விழவில்லை. உச்சி வெயிலில் அதன் நிழல் ஒரு தாம்பாளம் அளவுக்கு முற்றத்தில் விழும். கோழிகள் அதில் நெருக்கியடித்து நிற்கும்.

தலைநகரில் இருந்த அரசாங்கம் பிடிக்காமல்தான் அந்நியர் வந்தார்கள். அரசரை விட்டுவைத்து, பிடித்த ஒரு பாஷாவைப் பிரதமராக உட்கார வைத்தார்கள். அவர்களுடைய அதிகாரி ஒருவர் அல்-ஹம்சாவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார், சங்கடப்பட்டார், ஒரு சட்டம் எழுதினார். ஊருக்கு மேலே ஆபத்து தொங்கும்வரை யாரையும் காரணம் சொல்லாமல் பிடித்து வைக்கலாம் என்பது அதன் சாரம். பிறகு அந்நியர் போனார்கள். சட்டம் போகவில்லை. பாஷாவுக்கு அது வசதியாக இருந்தது. பாஷாவையும் அரசரையும் விரட்டிவிட்டு வந்த கர்னல்கள் அந்நியர் வாசனை உள்ள எல்லாவற்றையும் எரித்தார்கள்; பெயர்ப் பலகைகள், விருந்து மண்டபம், பில்லியர்ட்ஸ் மேஜை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் சட்டத்தை மட்டும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். கர்னல்களில் ஒருவர் தலைவரானதும், வானொலியில் அவர் பேசிய எல்லாப் பேச்சிலும் அல்-ஹம்சாவின் குண்டு வந்தது. அந்நியன் இன்னும் நம் தலைக்கு மேலே நிற்கிறான் என்பார். அதை மறுக்க முடியாது. நிமிர்ந்தால் தெரிந்தது.

மரமேறியின் மகன் ஃபலீஹைக் கட்டிக்கொண்டு ஹஸ்னா அந்த வீட்டுக்கு வந்தாள். குண்டு அவளுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. அவன் குறட்டைதான் பழக நாளானது. ஒரு வசந்தத்தில் ஃபலீஹ் பெண் மரங்களுக்கு ஆண் பூவின் மகரந்தம் தூவ ஏறியிருந்தான். இடுப்பு வடத்தில் சாய்ந்தபடி கையை எட்டி, அரிவாளின் பின்பக்கத்தால் குண்டைத் தட்டினான். டங்கென்றது. இறங்கி நேரே டீக்கடைக்குப் போனான்.

"உள்ள ஒண்ணுமே இல்லப்பா. காலிப் பானை. இதுக்குத்தான் நம்ம அப்பன் காலத்துலேர்ந்து பயந்து சாகுறோம்."

இரண்டாவது டீ வருவதற்குள் சிப்பாய்கள் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். ஊரில் பலரை ஏற்கெனவே அப்படித்தான் கொண்டுபோயிருந்தார்கள்.

ஹஸ்னா நாத்தனார் நூரியாவைக் கூட்டிக்கொண்டு ராணுவ முகாமுக்குப் போனாள். கேப்டன் மரியாதையான ஆள். அவள் கொண்டுபோன பேரீச்சம்பழத்தைத் தின்று கொட்டையை ஓரமாக வைத்தார்.

"குண்டு எறங்கட்டும்மா. எறங்குன அன்னிக்கே உங்க வீட்டுக்காரரை விட்டுடறோம். சட்டமே அப்படித்தான் சொல்லுது."

"எறங்கலைன்னா?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும்."

அவர் சிரித்தார். ஹஸ்னா அவர் சொன்னதை யோசனையாகவே எடுத்துக்கொண்டாள்.

காய்க்காத பேரீச்சைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. ஒருவர் கோடரியோடு போய் வெட்டப் போகிறேன் என்று மிரட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே விழுந்து, விட்டுவிடு, அடுத்த வருஷம் காய்க்கும் என்று கெஞ்ச வேண்டும். மரம் வெட்கப்பட்டுக் காய்த்துவிடும். ஹஸ்னா பிற்பகல் தொழுகை முடித்ததும் முற்றத்தில் கோடரியை ஓங்கினாள்.

"ஏய், ஊர்ல பாதிப் பேரோட புருஷனை முழுங்கிட்டு அங்கயே தொங்குறியே, வெக்கமா இல்ல? இன்னிக்கு உன்னை ரெண்டாப் பொளக்குறேன் பாரு!"

நூரியா கோடரியைப் பிடித்தாள். "ஐயோ அண்ணி, வேணாம்! பாவம், வெளியூர்லேர்ந்து வந்தது, நம்ம பழக்கம் தெரியாது. இந்த வருஷம் எறங்கிடும். நான் ஜாமீன்."

"நீ யாருடி ஜாமீன் குடுக்க? உங்கண்ணனுக்கே கெடைக்கல!"

நூரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் வைத்தியம் கெட்டுவிடுமோ என்று ஹஸ்னா பயந்தாள். கெடவில்லை. குண்டு லேசாக ஆடியது. அடைகாக்க உட்காரும் கோழி மாதிரி மெதுவாக இறங்கி, ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் அமர்ந்தது.

சிறையில் ஆள் இருந்த பெண்களெல்லாம் குலவையிட்டுக்கொண்டு சந்தில் கூடினார்கள். கேப்டன் வந்தார், குண்டைச் சுற்றி நடந்தார், முகம் வெளுத்துப் போய் தலைநகருக்குத் தொலைபேசினார். பதில் சுருக்கமாக வந்தது. தலைவர் அடுத்த வெள்ளிக்கிழமை அல்-ஹம்சாவில் பேசுகிறார். அதற்குள் குண்டு பழைய இடத்தில் இருக்க வேண்டும். வாய்க்கால்களைத் தாண்டி பாரந்தூக்கி வண்டி வராது. முற்றத்தை ஒட்டிய இரண்டு நெட்டை மரங்களில் கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டும். அந்த உயரத்துக்குச் சுமையோடு ஏறக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். அவன் சிறையில் இருந்தான்.

ஃபலீஹைக் கொண்டுவந்தார்கள். பாதி உடம்பாக இளைத்திருந்தான். இடுப்பு வடத்தை இன்னொரு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. கேப்டன் விஷயத்தைச் சொன்னார். குண்டை ஏற்றிக் கட்டிவிட்டு, மாதாமாதம் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டால் அவன் வீட்டிலேயே இருக்கலாம். மாட்டேன் என்றால் வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டும், இந்தத் தடவை மனைவியோடு. ஃபலீஹ் ஹஸ்னாவைப் பார்த்தான். சுவருக்கு அப்பால் குலவை நின்றிருந்தது. அங்கே நின்றவர்கள் ஒவ்வொருவரையும் ஹஸ்னாவுக்குக் குரல் வைத்தே தெரியும்.

"கட்டுங்க," என்றாள் ஹஸ்னா. "கட்டிட்டு வந்து சாப்பிடுங்க."

தலைவர் வந்தார், மேலே காட்டினார், பேசினார், போனார். மற்றவர்களின் புருஷன்மார் உள்ளேயே இருந்தார்கள். அந்தப் பெண்கள் ஹஸ்னாவின் அடுப்பில் ரொட்டி சுட வருவதை நிறுத்திவிட்டார்கள். நூரியா மட்டும் வந்தாள், அவளும் சிரிப்பதில்லை.

ஆற்றங்கரை ஈரத்தில் எந்தக் கயிறும் நாலைந்து வருஷத்துக்கு மேல் தாங்காது. ஒரு காலையில் குண்டைக் கட்டியிருந்த வடங்கள் இரண்டும் இற்று முற்றத்தில் விழுந்து கிடந்தன. குண்டு விழவில்லை. ஹஸ்னா வடங்களைச் சுருட்டி அடுப்பில் போட்டாள், ஈரம் என்பதால் புகைந்தது. வெளியே எடுத்துப் போட்டுக் காய வைத்து, மறுநாள் எரித்தாள். அந்த மாதமும் ஃபலீஹ் மரமேறினான். இல்லாத முடிச்சை இரண்டு கையாலும் இழுத்து இறுக்கினான்.

"கெட்டியா இருக்கா?" என்று கீழேயிருந்து கேப்டன் கேட்டார். அவருக்கும் கண் நன்றாகத்தான் தெரியும்.

"கெட்டியா இருக்குங்கய்யா," என்றான் ஃபலீஹ்.