கடலைத் தோல்

பொட்டு குட்டி போட்ட மூன்றாம் வாரம் எலும்பும் தோலுமாகிவிட்டது. மூக்கின்மேல் கறுப்புப் பொட்டு வைத்தாற்போலிருக்கும் வெள்ளை முயல் அது. ஆறு குட்டிகளும் முட்டி முட்டிப் பால் குடிப்பதை, அதை வளர்க்கும் தையல்காரியால் பார்க்க முடியவில்லை. கால்நடை டாக்டரிடம் ஓடினாள்.

"புரதம் பத்தலம்மா. குதிரைமசால் தழை நிறைய போடுங்க. தாய் முயலுக்கான தீவனம் காலையும் சாயங்காலமும் ஒரு கைப்பிடி. கடலை, பருப்புலயும் புரதம் இருக்கேன்னு அந்தப் பக்கம் போயிடாதீங்க, வயிறு உப்பிக்கும்" என்றார் டாக்டர்.

அவர் சொன்னது அவளுக்கு வேதவாக்கு. தினமும் விடிந்ததும் தழைக்காரரிடம் போய், பூ விடாத இளம் தழையாகப் பொறுக்குவாள். ஈரம் போகத் துண்டில் உதறிய பிறகுதான் கூண்டில் வைப்பாள்.

"எனக்குக்கூட நீ இப்படிப் பாத்துப் பாத்துப் போட்டதில்ல" என்பான் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன். சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

பத்து நாளில் பொட்டு தேறியது. பதினோராம் நாள் மூலையில் குறுகி உட்கார்ந்துகொண்டது. தழையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிறு கல்லாக இருந்தது. கூண்டில் விரித்திருந்த துணியோடு கூடையில் வைத்து, இருவருமாக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"கடலை கொடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"சத்தியமா இல்ல டாக்டர்."

"கூடையில பாருங்கம்மா, கடலைத் தோல் கிடக்கு. படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

அவள் துணைக்குக் கணவனைப் பார்த்தாள்.

"நானும் கவனமா இருன்னு சொல்லிட்டேதான் இருக்கேன் டாக்டர்" என்றான் அவன்.

தன் கையிலிருந்துதான் எப்படியோ விழுந்திருக்க வேண்டும் என்று நம்பி, அன்று முழுக்க அவள் அழுதாள். மறுநாள் துவைக்க எடுத்த அவனுடைய வேலை பேண்ட் பையில் அரைக் கைப்பிடி வறுத்த வேர்க்கடலை இருந்தது.

அவன் மறுக்கவில்லை. "நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. கடலையைக் காட்டினா ஓடி வந்துச்சு. ஒரு ஆசைதான்."

"ஆசை சரி. டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வெட்கமா இருந்துச்சு."

"உங்க வெட்கத்துக்கு என் முகத்துல கரி பூசணுமா?"



மருந்தும் வயிற்றை நீவிவிட்டதும் பலித்து நான்காம் நாள் பொட்டு தழை கடித்தது. மறுபடி காட்டப் போனபோது, "இப்பத்தான் ஒழுங்கா கவனிச்சிருக்கீங்க" என்று டாக்டர் அவளைத் தட்டிக்கொடுத்தார். கணவன் வாய் திறப்பானா என்று அவள் காத்திருந்தாள். அவன் கூடையின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தான்.

"கடலை போட்டது இவர் டாக்டர்" என்றாள் அவளே.

 ஒரு வாரம் கழித்து அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"இன்னுமா கோவம்?"

"கோவம் எப்பவோ போயிடுச்சு" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி. "இப்பல்லாம் நீங்க மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட ஜன்னலைத் திறந்து பாத்துக்கணும்னு தோணுது. அதான்."